மூதூரிலிருந்து போகும் விண்ணப்பம்

கொழும்பு 7இல், தேசிய வைத்தியசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பட்டப்பின் மருத்துவ நிறுவகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனம். அந்தப் பெயரை வைத்தியர்கள் முழுதாகச் சொல்வதில்லை, பி.ஜி.ஐ.எம். என்பார்கள். இலங்கையில் ஒருவர் வைத்திய நிபுணராக வேண்டுமானால் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எம்.டி. பயிற்சிக்கான தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரி அங்கிருந்து அறிவித்தல் வந்துவிட்டால், சுமார் 260 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை வைத்தியசாலைகளின் கடமை அறைகளில் பேச்சு மாறிவிடும். முடிவுத் திகதி எப்போது? ஒரு வருடச் சேவை கணக்குக்கு வருமா? படிக்க லீவு தருவார்களா? இவை வெளியே கேட்கும் கேள்விகள். உள்ளே கிடப்பது வேறு. தெரிவானால் இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். போகத்தான் வேண்டுமா?

விண்ணப்பத்தின் நிபந்தனைகள் பெரிய பட்டியல் ஒன்றுமில்லை. எம்.பி.பி.எஸ். அல்லது அதற்குச் சமமான பட்டம், இலங்கை மருத்துவப் பேரவையின் முழுப் பதிவு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகு இலங்கையில் ஒரு வருட வேலை. ஆனால் இந்த நான்கையும் சேர்ப்பதற்குள் ஒருவருக்கு வயது முப்பதை நெருங்கிவிடும். பத்தொன்பதில் உயர்தரப் பரீட்சை. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று ஒரு காத்திருப்பு. ஐந்து வருடப் படிப்பு. பட்டம் கையில் வந்த பிறகும் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கு இன்னொரு காத்திருப்பு. தெரிவுப் பரீட்சையில் தேறிவிட்டால் அங்கிருந்து புதுக் கணக்கு தொடங்கும்: போதனா வைத்தியசாலையில் பயிற்சி, எம்.டி. பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ராராகச் சில காலம், பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டில் ஒரு வருடம், அதன் பிறகே நிபுணர் என்ற சான்று. அப்போது நாற்பது தூரத்தில் இல்லை.

இருபதும் முப்பதும் மனித வாழ்வின் நல்ல வயதுகள். கலியாணம், குழந்தை, வயதாகிக்கொண்டிருக்கும் தாய் தகப்பன், ஊர், நண்பர்கள் எல்லாம் அந்த வயதுகளில்தான் வந்து சேருகின்றன. அந்த இருபது வருடங்களையும் அடுத்த பரீட்சைக்கான தயாரிப்பாகவே கழித்துவிட முடியுமா என்பது மருத்துவம் சார்ந்த கேள்வி மட்டுமில்லை. எப்படி வாழ்வது என்ற கேள்வி அது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய இந்தச் சிறு வைத்தியசாலைகளில் அது மிகக் கூர்மையாக எழுகிறது.

ஏனெனில் இங்கே ஒரு மருத்துவ உத்தியோகத்தர் போவதும் வருவதும் ஊருக்கே தெரிகிற விஷயம். கொழும்பில் ஒருவர் மாறிப் போனால் அடுத்தவர் வந்துவிடுவார். நோயாளி பெயரைக்கூடக் கவனித்திருக்க மாட்டார். மூதூரில் அப்படியில்லை. "நீங்களும் மாறிப் போறீங்களோ, டொக்டர்?" என்று நீரிழிவுக் கிளினிக்குக்கு வரும் வயதான உம்மாமார் கேட்பார்கள். கொப்பியை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். முன்பு இருந்தவர் எழுதிய மருந்து, அதற்கு முன்பு இருந்தவர் எழுதிய மருந்து எல்லாம் அந்தக் கொப்பியில் வெவ்வேறு கையெழுத்துகளில் இருக்கும். கொப்பியைப் புரட்டினாலே எத்தனை வைத்தியர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது எந்த இளம் வைத்தியருக்கும் சுலபமில்லை.

இந்த மாவட்டத்தின் அமைப்பையும் சொல்ல வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என மூன்று சமூகமும் பெரிய எண்ணிக்கையில் வாழும் மாவட்டம். நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை. அதற்கு வெளியே ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும். பாரமான நோயாளி என்றால் அநுராதபுரத்துக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்ப வேண்டும். அந்த அனுப்புதல் இன்று நோயாளர் காவுவண்டியில் சில மணித்தியாலங்கள். ஒரு காலத்தில் அது ஆறும் களப்பும் கடக்கும் பாடு. கிண்ணியாவுக்கு 396 மீற்றர் நீளப் பாலம் வந்ததே 2009 ஒக்டோபரில்தான். அதற்கு முன் பாதைப்படகு. மூதூருக்கு கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுக்கும் வள்ளம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய இழுவைப் படகு கவிழ்ந்தபோது, தண்ணீரிலிருந்து தூக்கியவர்களைக் கொண்டு ஓடியது கிண்ணியா வைத்தியசாலைக்கு. இப்படியான காலைகளில் பிள்ளையின் மேல் முதலில் கைவைப்பவர் கடமையில் நிற்கும் மருத்துவ உத்தியோகத்தர். நிபுணர் பட்டம் உள்ளவரா இல்லாதவரா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

அதே கிண்ணியாவில் 2017 மார்ச்சில் டெங்கு பரவியது. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அலை முதலில் பலமாக அடித்த இடங்களில் கிண்ணியாவும் ஒன்று. 2004 ஆழிப்பேரலை சிதைத்துவிட்டுப் போன வைத்தியசாலை மறுபடி எழுந்து நின்று அந்தக் கூட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது.

டெங்கு நோயாளியை இரவு முழுவதும் பார்ப்பது என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கி, ஏறக்குறைய 48 மணித்தியாலங்கள் அது நீடிக்கும். விரல் நுனியில் குத்தி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை ஏற்றிச் சுழற்றி, சிவப்பணுக்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். அதை பி.சி.வி. என்பார்கள். அது ஏறினால் கசிவு கூடுகிறது. திடீரென்று இறங்கினால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 4,600 மில்லிலீற்றர் திரவம் என்பது தேசிய வழிகாட்டியின் கணக்கு. வாயால் குடித்ததும் அதற்குள் அடக்கம். குறைத்தால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். கூட்டினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். சிறுநீர் எவ்வளவு போனது என்று அளந்து அளந்து, சேலைனின் சொட்டு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விடிய வேண்டும். ஒரே விடுதியில் இப்படிப் பலர் இருந்தால், அட்டவணைத் தாளும் கையுமாகக் கட்டிலுக்குக் கட்டில் நடந்துகொண்டிருப்பார் வைத்தியர்.

இதே டெங்கு தெரிவுப் பரீட்சையின் வினாத்தாளிலும் வரும். ஒரு வினா, அதன் கீழ் ஐந்து கூற்றுகள்; சரியா பிழையா. அல்லது ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானது எது. கிண்ணியாவில் விடிய விடிய நின்றவருக்கும், வேலையிலிருந்து லீவு எடுத்து கொழும்பில் அறை எடுத்துப் படித்தவருக்கும் வினாத்தாள் ஒன்றே. சொல்லப்போனால் பின்னவருக்கே வாய்ப்பு அதிகம். ஒழுங்கான நூலகம், மாலை வகுப்பு, பழைய வினாக்களை ஒன்றாக இருந்து விடுவிக்கும் நண்பர் கூட்டம் எல்லாம் அவருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கிண்ணியாவில் இருப்பவருக்கோ இரவுக் கடமை முடிந்து கண் எரியும்போது தொலைபேசித் திரையில் திறக்கும் பழைய வினாத்தாள்தான் வகுப்பு.

இங்கே பரீட்சைக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விடைத்தாளில் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டுமே. தகப்பன் யார், எந்தப் பாடசாலை, யாருடைய சிபாரிசு என்று திருத்துபவருக்குத் தெரியாது. செல்வாக்கால் எத்தனையோ காரியம் நடக்கும் நாட்டில், இந்த மாவட்டத்துத் தோப்பூரில் ஒரு சாதாரணக் கடைக்காரரின் மகள் இருதய நோய் நிபுணராக வர முடியுமென்றால் அந்தச் சுட்டெண்ணின் பாதுகாப்பும் அதற்கு ஒரு காரணம். பரீட்சையை எடுத்துவிட்டு நேர்முகமும் சிபாரிசும் வைத்தால் முதலில் அடிபடுவது தோப்பூர்தான்.

வரலாறும் அதையே காட்டுகிறது. கொழும்பில் மருத்துவப் பாடசாலை 1870இல் தொடங்கிவிட்டது. ஆனால் மேற்படிப்புக்கு நூறு வருடமாக இங்கிலாந்தே கதி. எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும். ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. நிபுணர்களை நாட்டுக்குள்ளேயே உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் 1970களில் வலுத்து, 1980இன் கட்டளைச் சட்டத்தோடு இன்றைய நிறுவகம் உருப்பெற்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எட்டக்கூடியதாக இருந்த மேற்படிப்பு, அரச சம்பளத்தோடு பயிலக்கூடிய ஒன்றாக மாறியது. இது சாதாரண மாற்றமில்லை.

அப்படியானால் குறை எங்கே? ஒரு முரண்பாட்டில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் இலங்கை இடத்தைக் கணக்கில் எடுக்கிறது. மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்த 16இல் ஒன்று. 1970களில் தரப்படுத்தல் என்ற பெயரில் தமிழ் மாணவர்கள் பட்ட காயத்தோடு தொடங்கிய வரலாறு இது. அந்தக் காயம் மறக்கக்கூடியதல்ல. ஆனாலும் மாவட்டக் கோட்டா இன்று மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் வெருகலிலும் பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவ பீடக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது என்பதும் உண்மை. ஆய்வுகூடம் இல்லாத, உயர்தர உயிரியலுக்கு ஆசிரியர் நிலைக்காத பாடசாலையில் படித்த பிள்ளையின் புள்ளியை கொழும்புப் பிள்ளையின் புள்ளியோடு அப்படியே ஒப்பிட முடியாது என்று அரசு ஏற்றுக்கொள்கிறது.

அதே பிள்ளை பத்து வருடம் கழித்து வைத்தியராகி, அதே பின்தங்கிய மாவட்டத்துக்கே வேலைக்கு வந்து, நிபுணர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இடம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. மாவட்டக் கோட்டா கிடையாது. எங்கே வேலை செய்தார் என்பதற்குப் புள்ளி கிடையாது. ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் கொழும்பில் கழிந்ததா ஈச்சிலம்பற்றில் கழிந்ததா என்பது யாருக்கும் பொருட்டில்லை. இரண்டாவது கோட்டா வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. பட்டம் பெற்றவர்களிடையே மாவட்டம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் பிறந்த இடத்தைப் பார்க்க மனம் வந்த அரசுக்கு, உழைத்த இடத்தைப் பார்க்க மனம் வராதது சரியாகப்படவில்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மாநிலத்தின் பட்டமேற்படிப்பு இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. அது வழக்குகளில் சிக்கி, கடைசியில் 2020 ஆகஸ்ட் 31 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பணியிலுள்ள மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு மருத்துவ அலுவலர்களின் சங்கமே அந்த வழக்கை நடத்தியது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. எட்டாத, கடினமான பகுதிகளில் பணியாற்றினால் வருடத்துக்கு 10 சதவீதம் என்ற கணக்கில், அதிகபட்சம் 30 சதவீதம் வரை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்க்கலாம் என்பது இந்திய விதி. 2025 ஜனவரி 29 அன்று அதே உச்ச நீதிமன்றம், மாநிலத்தில் வசிப்பவர் என்பதற்காக மட்டும் பட்டமேற்படிப்பில் இடம் ஒதுக்குவது அரசியலமைப்புக்கு எதிரானது என்றும் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது: எங்கே வசிக்கிறாய் என்று கேட்காதே, எங்கே வேலை செய்தாய் என்று கேட்கலாம்.

அங்கேயும் எல்லாம் சீராக இல்லை. எது எட்டாத இடம் என்று வகைப்படுத்துவதில் சண்டை; நீதிமன்றம். நுழைவுத் தேர்வு நடத்துவதிலும் குளறுபடி. 2024 ஜூன் 23ஆம் திகதி நடக்க வேண்டிய நீட் முதுநிலைத் தேர்வு முதல்நாள் இரவு ஒத்திவைக்கப்பட்டது. பலர் ஏற்கெனவே பஸ்ஸிலும் ரயிலிலும் தேர்வு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தேர்வு நடந்தது. அந்த ஏழு வாரமும் இலட்சக்கணக்கான இளம் மருத்துவர்களின் வாழ்க்கை அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டது.

மறுபடி மூதூருக்கு வருவோம். படிப்பா ஊரா என்ற கேள்வியில் ஊரார் ஒரு பக்கம் இழுத்தால், வீடு மறுபக்கம் இழுக்கும். நம் சமூகத்தில் வெறும் எம்.பி.பி.எஸ். இப்போது ஒரு முடிவாகக் கருதப்படுவதில்லை. "எம்.டி. செய்யேல்லையா?" என்று கலியாண வீட்டில் கேட்பார்கள். மாலையில் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணும் நிபுணருக்கு இருக்கும் மரியாதை, காலையில் வெளிநோயாளர் பிரிவில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவ உத்தியோகத்தருக்குக் கிடைப்பதில்லை. திருகோணமலையிலிருந்து இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு நிபுணரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த இரவு திரும்பும் நோயாளிகள் உண்டு. அவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது ஊர் வைத்தியரே தந்திருக்கக்கூடிய ஆலோசனைதான். பட்டத்தை நம்பவே நாம் பழகிவிட்டோம். இளம் வைத்தியரை ஊரிலிருந்து துரத்துவதில் நமக்கும் பங்கிருக்கிறது.

பெண்களுக்கு இந்தப் பாரம் இன்னும் கூட. மருத்துவ பீடங்களில் இன்று பெண்களே அதிகம். தெரிவுப் பரீட்சைக்கான வயதும் குழந்தை பெறும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. கணவர் ஒரு மாவட்டத்தில், தான் ஒரு மாவட்டத்தில், கைக்குழந்தை அம்மாவின் வீட்டில் என்று மூன்று இடத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, இரவு பத்து மணிக்குக் குமார் அன் கிளார்க் பாடநூலைத் திறக்கும் பெண் வைத்தியர்களின் உழைப்பு எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் தெரிவதில்லை. அவர்களில் சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். "திறமை இருந்தும் போகவில்லை" என்று ஊர் அதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. போக விடாத ஏற்பாடு யாருடையது என்று கேட்பதில்லை.

2022க்குப் பிறகு இன்னொரு பாதையும் அதே மேசைக்கு வந்துவிட்டது. அந்த வருடம் ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோல் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கையும் வந்தது. பிரித்தானியாவின் பிளாப், அவுஸ்திரேலியாவின் ஏ.எம்.சி. பரீட்சைகளுக்கான புத்தகங்கள் கடமை அறைகளில் புழங்கத் தொடங்கின. போனவர்களைத் துரோகிகள் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. மருந்தில்லாத விடுதியில் நின்று, மருந்தை வெளியே வாங்கி வாருங்கள் என்று ஏழை நோயாளியிடம் துண்டெழுதிக் கொடுத்த கையின் வலி, திட்டுபவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். கொழும்புக்கு விண்ணப்பிப்பவர் நிபுணராகி இதே மாவட்டத்துக்குத் திரும்பும் வழி திறந்திருக்கிறது. மான்செஸ்டருக்கு விண்ணப்பிப்பவர் திரும்புவது அரிது. உள்ளூர் வழி எவ்வளவு இடுக்கமாகிறதோ அவ்வளவுக்கு மற்ற வழி அகலும்.

இனி, போகாமல் இருப்பவர்களைப் பற்றி. அவர்கள் தோற்றவர்களா?

அண்டை மாகாணத்தில் நடந்த இரண்டு விஷயங்களை நினைத்துப் பார்க்கலாம். 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது; உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து. அநுராதபுரம், பொலநறுவை வைத்தியசாலைகளின் விடுதிகளில், எந்த மருந்தைக் குடித்தவர் பிழைக்கிறார், எந்த மருந்தைக் குடித்தவர் இறக்கிறார் என்று ஒவ்வொரு நோயாளியாகக் குறித்தார்கள். மைக்கேல் எடில்ஸ்டன் என்ற பிரித்தானிய மருத்துவரும் அவுஸ்திரேலிய, இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து செய்த வேலை அது. ஆளைக் கொல்வதில் பூச்சிமருந்துகளுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பது அந்தக் குறிப்புகளிலிருந்து வெளிவந்தது. பரகுவாட், டைமெதொயேட், ஃபென்தியோன் ஆகியவை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. முந்தைய தடைகளும் இவையும் சேர்ந்து, 1995இன் உச்சத்திலிருந்து இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது. உலகம் முழுவதும் இன்று எடுத்துக்காட்டப்படும் வெற்றி இது.

இன்னொன்று சிறுநீரக நோய். நீரிழிவும் இல்லாமல், உயர் இரத்த அழுத்தமும் இல்லாமல், வயல்வேலை செய்யும் நடுவயது ஆண்களின் சிறுநீரகம் கெட்டுப்போவதை வடமத்திய மாகாண வைத்தியர்கள் 1990களில் கவனித்தார்கள். பதவியா, மெதவாச்சி நோயாளிகளிடையே ஒரு ஒற்றுமையைக் கண்டு, இது பாடப்புத்தகத்தில் உள்ள நோய் இல்லை என்று சொன்னார்கள். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று அதற்குப் பெயர் வந்தது. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவிலும் அந்த நோய் இருக்கிறது. கொழும்பில் ஒரு பெரிய மேசையில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. விடுதியில் நின்றவர்களின் கண்ணுக்குத்தான் அது பட்டது.

கந்தளாய் வயல்களில் அறுவடைக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யும் சோதனைக்கு இயந்திரம் வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டு, மெல்லச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. கொடுக்கும் மாற்று மருந்து இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்திலிருந்து தயாரானது. இலங்கைப் பாம்புக்கு அது எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை குப்பி தேவைப்படுகிறது, எத்தனை பேருக்கு ஒவ்வாமை வருகிறது என்பவை எல்லாம் கந்தளாயில் இருப்பவர் குறித்து வைத்தால்தான் உலகத்துக்குத் தெரியும். குறிக்காமல் விட்டால் நோயாளி வீட்டுக்குப் போவார், அனுபவம் வைத்தியரோடு மாற்றலாகிப் போகும்.

மொழியும் அப்படி. காலையில் மூதூர் உம்மாவிடம் தமிழ், மதியம் சேருநுவரயிலிருந்து வந்த விவசாயியிடம் சிங்களம், நோய்க் குறிப்பில் ஆங்கிலம். தெற்கிலிருந்து முதல் நியமனத்துக்கு வரும் சிங்கள வைத்தியர்கள் முதலில் கற்கும் தமிழ் "எங்க நோகுது?" என்பதாகத்தான் இருக்கும். சில மாதத்தில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிடுவார்கள். மருத்துவத்தின் பாதி நோயாளியின் பேச்சைக் கேட்பது. அந்தப் பாதிக்கு இந்த மாவட்டம் போல ஒரு பயிற்சிக்களம் நாட்டில் அதிகமில்லை. தெரிவுப் பரீட்சை அதைக் கேட்பதில்லை என்பதால் அது கல்வியில்லை என்று ஆகிவிடாது.

ஆகவே, மூதூரில் கழியும் வருடங்களைப் பயணத்துக்கு நடுவே நிற்கும் தரிப்பிடம் என்று நினைப்பது தவறு என்றே எழுதுபவருக்குப் படுகிறது. விண்ணப்பிப்பவரும் அங்கே முழுதாக வாழலாம். அப்படி வாழ்பவருக்கே பிறகு படிப்பும் ஒட்டும். ஒரு நோயாளியின் முகத்தோடு சேர்த்து ஞாபகத்தில் நிற்கும் பாடம், நெட்டுருப் போட்ட பாடத்தை விட நீண்ட நாள் நிற்கும். போக விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. குடும்ப மருத்துவம், சிறுவர் நலம் போன்றவற்றில் அதே நிறுவகம் டிப்ளோமாக்களை நடத்துகிறது. ஊரை அறிந்த, கல்வியும் உள்ள ஒரு குடும்ப வைத்தியர் கிண்ணியாவில் இருபது வருடம் இருந்தால் எத்தனை இரவு ரயில் பயணம் மிச்சமாகும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஊர் அவருக்கு நிபுணருக்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். அது சுற்றறிக்கையால் வராது.

பெரிய சீர்திருத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பரீட்சை இப்போதுள்ளது போலவே இருக்கட்டும். தேறும் எல்லையையும் குறைக்க வேண்டாம். தேறியவர்களிடையே வரிசை போடும்போது, கஷ்டப் பிரதேசத்தில் முழுதாகச் செய்த சேவைக்கு ஒரு சிறு கனம் கொடுக்கலாம். எது கஷ்டப் பிரதேசம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் தமிழ்நாட்டில் வந்த சண்டை இங்கே வராது. பரீட்சைக்கு முன் சில வாரப் படிப்பு லீவும், அந்த வாரங்களுக்கு ஒரு பதில் வைத்தியரும் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் படிக்க மற்றவர் இரட்டைக் கடமை செய்ய நேரும். கொழும்பில் நடக்கும் வகுப்புகளை இணையவழி மாவட்ட வைத்தியசாலைகளுக்கும் திறந்துவிடலாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் ஏற்கெனவே நிபுணர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியர்களைக் கூப்பிட்டு அந்த வாரம் பார்த்த நோயாளிகளைப் பற்றிப் பேச அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்த வருடம் விண்ணப்பிக்க யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாருக்கு: விண்ணப்பியுங்கள். ஊரை விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்வில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இந்த மாவட்டத்துக்கு நிபுணர்கள் வேண்டும், அவர்கள் வானத்திலிருந்து வரமாட்டார்கள். போகும் வரைக்கும் பார்க்கும் நோயாளிகளைக் குறித்து வையுங்கள். பிறகு, சான்று கிடைத்து வெற்றிடப் பட்டியல் முன்னால் வரும் நாளில், திருகோணமலை என்ற பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தக் கிளினிக் கொப்பியில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.